மாரிக்காலத்தில் மாணவருக்குச் சமூக அரங்கை அறிமுகப்படுத்துதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டிறுதிப் பரீட்சைகளின் பாரம் இறங்கி, ஒளிவிழாப் பாடல்களும் திருவெம்பாவையும் ஊரெங்கும் கேட்கத் தொடங்கும் மார்கழி மாதம், ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை படிக்கும் பிள்ளைகளைச் சமூக அரங்கோடு பழகவிடுவதற்குத் திருகோணமலையில் கிடைக்கும் நல்ல காலங்களுள் ஒன்றாகும். பெரும்போக விதைப்பு முடிந்திருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிப்பதால், தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் நிற்கும் மீனவர்களும் பலர் இருப்பார்கள். கூத்தாடிய பெரியவர்களையும் மத்தளம் தட்டியவர்களையும் ஆறுதலாகச் சந்தித்துப் பேச ஆண்டின் மற்ற மாதங்கள் இவ்வளவு இடம் தருவதில்லை. இருந்தும், இந்த நோக்கத்துடன் நடத்தப்படும் ஒருநாள் நிகழ்ச்சிகள் பல, பிள்ளைகளின் மனத்தில் தங்காமலே போய்விடுகின்றன. அதற்குப் பிள்ளைகளின் ஆர்வக்குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. ஒழுங்கு செய்யும் பெரியவர்கள் நல்லெண்ணத்துடனேயே செய்யும் சில தவறுகள்தாம் அந்த நாளைக் கெடுக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, பிள்ளைகளைக் கதிரைகளில் வரிசையாக அமர்த்திச் சமூக அரங்கு என்றால் என்ன என்று விளக்கவுரை நிகழ்த்தித் தொடங்குவதாகும். ஓர் ஊரின் மக்கள் தமது கதையைத் தாமே, தமது அயலவர் முன்னிலையில் நிகழ்த்துவதே சமூக அரங்கின் அடிப்படை. அங்கே ஆடுபவரைப் பார்ப்பவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். பார்ப்பவர் நாளை ஆடவும் கூடும். இந்த உறவை விளங்கிக்கொள்ள வேண்டிய பிள்ளையை முதல் மணித்தியாலத்திலேயே வெறும் கேட்பவராக்கிவிட்டால், பின்னர் எவ்வளவு ஆடினாலும் பாடினாலும் அது வகுப்பறையின் தொடர்ச்சியாகவே அவருக்குத் தோன்றும்.

உண்மையில் எமது பிள்ளைகள் இந்த அரங்குக்கு முற்றிலும் புதியவர்களல்லர். ஐப்பசியில் கந்தசட்டி முடிவில் நடக்கும் சூரன் போரிலே, சூரனைத் தோளில் தூக்கியவர்கள் முன்னும் பின்னும் ஓட, தலை மாறி மாறி வர, ஊரே கூச்சலிட்டு விலகி நிற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிலர் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஓடியும் இருக்கிறார்கள். கோயிலில் பிள்ளையார் கதை படிக்கப்படும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சேர்ந்து கேட்கும் ஒழுங்கை அறிந்திருக்கிறார்கள். ஒளிவிழாவில் இடையராகவோ தேவதூதராகவோ நின்றிருக்கிறார்கள். கிண்ணியாப் பிள்ளைகளுள், கம்புகளைத் தட்டி ஆடும் களிகம்பு ஆட்டத்தைக் கண்டவர்கள் இருப்பார்கள். ஆகவே நாளின் தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி, “நீங்கள் எங்கே இப்படி ஊரோடு சேர்ந்து ஒன்றைச் செய்திருக்கிறீர்கள்?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு வரும் பதில்களை வாயால் சொல்லவிடாமல் உடலால் காட்டச் சொன்னால், அரை மணித்தியாலத்துக்குள் மண்டபம் முழுவதும் சூரன்களாலும் இடையர்களாலும் நிறைந்துவிடும். அதற்கப்பால் வரைவிலக்கணம் எதுவும் தேவைப்படாது.

மழையைக் கணக்கிலெடுக்காத திட்டங்கள்

திருகோணமலைக்கு ஆண்டில் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் பெய்கிறது. இதை அறியாதவர் இங்கே எவருமில்லை. ஆனாலும் நிகழ்ச்சித் திட்டம் எழுதப்படும்போது மழை பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: மழை வந்தால் மண்டபத்துக்குள் நடத்தலாம் என்று. மண்டபத்துக்குள் நடத்துவதில்தான் பெரிய இடர்ப்பாடு இருக்கிறது. வாசிகசாலையானாலும் பொதுநோக்கு மண்டபமானாலும், தகரம் அல்லது சீற் கூரையின்மேல் கனமழை விழும்போது பத்தடி தூரத்தில் நிற்பவரின் பேச்சுக் கேட்பதில்லை. வசனத்தை நம்பிய ஒத்திகை அந்த நேரத்தில் நின்றுபோகிறது. நெறியாளர் கத்துகிறார், பிள்ளைகளும் கத்துகிறார்கள், குரல் மாறும் பருவத்திலுள்ள ஆண்பிள்ளைகள் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு ஒலிபெருக்கி மருந்தாகாது. ஒழுகும் கூரைக்குக் கீழே ஈரத் தரையில் மின்வயர்களை இழுப்பது ஆபத்தானது. அத்தோடு, ஒலிவாங்கியைப் பிடித்தவுடன் பிள்ளை அசையாமல் நின்று மேடைப் பேச்சாளரைப் போல் பேசத் தொடங்கிவிடும். பேச்சே தேவைப்படாத பயிற்சிகளை மழை நேரத்துக்கென ஒதுக்கி வைத்திருப்பதே சரியான வழி. இருவர் எதிரெதிரே நின்று ஒருவரின் அசைவை மற்றவர் அப்படியே பின்பற்றும் கண்ணாடிப் பயிற்சி, குழுவாக உடலால் உருவாக்கி உறைந்து நிற்கும் காட்சிகள், கைதட்டியும் காலால் தட்டியும் ஒரு தாளத்தை வட்டமாகக் கடத்துதல் ஆகியவை மழைச் சத்தத்தில் இன்னும் நன்றாகவே நடக்கும். உறைந்து நிற்கும் காட்சி சிறு அசைவு பெற்று, அசைவு ஒரு சத்தமாகி, மழை ஓய்ந்ததும் அந்தச் சத்தம் ஒரு வசனமாக மாறும்போது, சொல்லுக்கு முன்னே உடல் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்கிறார்கள்.

தரையைப் பற்றிப் பலர் நினைப்பதேயில்லை. வழுவழுப்பான சீமெந்துத் தரையில் மழைத்தண்ணீரும் சேற்றுக்காலும் சேர்ந்தால், ஓடிப் பிடிக்கும் விளையாட்டுகள் கைகால் முறிவில் முடியக்கூடும். வாசலில் சாக்கு விரித்துக் கால் துடைக்கச் செய்வது, மாற்று உடுப்பும் துவாயும் கொண்டுவருமாறு முன்கூட்டியே அறிவிப்பது, காலையில் வந்தவுடன் சூடான தேநீரும் அவித்த கடலையும் கொடுப்பது என்பவை சிறிய காரியங்கள்தாம். ஆனால் நனைந்த உடுப்புடன் நடுங்கும் பிள்ளையிடம் கற்பனையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நேரமும் அப்படியே. டிசம்பரில் இங்கே மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. மேகமூட்டமான நாளில் ஐந்து மணிக்கே இருட்டுக் கட்டிவிடும். மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ் பிடித்து வீடு சேர வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பயணம் இலகுவாகியிருந்தாலும், வெள்ளம் வீதியை மறிக்கும் நாட்கள் இன்னும் உண்டு. எனவே காலை எட்டரைக்குத் தொடங்கி மதிய உணவோடு முடித்துவிடுவதுதான் என் பார்வையில் சரியானது. பிள்ளை இருட்டில் வீடு திரும்பினால், அடுத்த முறை பெற்றோர் அனுப்ப மாட்டார்கள்.

பாத்திரம் பகிர்வதில் தொடங்குதல்

பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாடகம் என்றால் பெரும்பாலும் தமிழ்த்தினப் போட்டிதான். அங்கே எழுத்துரு முதலில் வருகிறது. பிறகு குரல் வளமும் நினைவாற்றலும் உள்ளவர்களுக்கு முக்கிய பாத்திரங்கள் போகின்றன. மற்றவர்கள் மரமாகவும் காவலாளியாகவும் நிற்கிறார்கள் அல்லது வகுப்புக்குத் திரும்புகிறார்கள். போட்டிக்கு அந்த முறை தேவையாக இருக்கலாம். சமூக அரங்கின் அறிமுக நாளில் அதே முறையைக் கையாள்வது, ஏற்கனவே மேடையேறிப் பழகிய நான்கைந்து பிள்ளைகளுக்கு இன்னொரு மேடையைக் கொடுத்து, ஏனையோருக்கு அவர்கள் இடம் எது என்பதை மறுபடியும் நினைவூட்டுவதாகவே முடிகிறது.

கூத்து மரபிலும் பாத்திரம் பகிர்தல் உண்டு. மட்டக்களப்புப் பக்கத்தில் அதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். ஆனால் அது ஊர் கூடி, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒவ்வொருவருடைய குரலையும் உடலையும் நிதானமாக அறிந்து செய்யும் காரியம். அதன் பிறகும் கிழமைதோறும் கூடி ஆடிப் பழகும் கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அரங்கேற்றம் என மாதக்கணக்கில் பழக்கம் தொடரும். அந்த நீண்ட நடைமுறையிலிருந்து பாத்திரப் பகிர்வை மட்டும் பிய்த்தெடுத்து ஒரு காலைப் பொழுதுக்குள் திணிக்க முடியாது. முதல் நாளில் எல்லோரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆட விரும்பாத பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது. ஒதுக்கி வைக்கவும் கூடாது. சல்லரி போடுதல், பிற்பாட்டுப் பாடுதல், திரை பிடித்தல், பார்த்ததைச் சொல்லுதல் என்று அரங்கில் அவருக்குப் பல இடங்கள் உண்டு. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்த பிள்ளை பதினொரு மணியளவில் தானாக வட்டத்துக்குள் வருவதற்காகக் காத்திருக்கும் பொறுமை நெறியாளருக்கு இருக்க வேண்டும்.

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையான இப்பருவத்தில் உடலைப் பற்றிய கூச்சம் மிகுதி. கைகோர்த்தல், தோளில் சாய்தல் போன்றவை அடங்கிய விளையாட்டுகளை ஆணும் பெண்ணும் கலந்து செய்யச் சொல்லும்முன், அது அவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் ஏற்றதா என்று கேட்டறிவது அவசியம். ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டும் அதே பயிற்சியைச் செய்யலாம். பெரிய பிள்ளையான மகளை ஆடவிடத் தயங்கும் தாயிடம் பெண் விடுதலை பற்றிப் பேசுவதைவிட, அவரையே வந்து இருந்து பார்க்கும்படி அழைப்பது பயன் தரும். நாளைத் தெரிவு செய்யும்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையும், ஞாயிறு அறநெறி வகுப்பும் தேவாலய ஆராதனையும், சனிக்கிழமைத் தனியார் வகுப்புகளும் நினைவில் இருக்க வேண்டும். விடுமுறையில் வரும் வேறொரு கிழமை நாளே பொருந்தும்.

மூத்த கலைஞரைக் காட்சிப்பொருளாக்குதல்

வயது முதிர்ந்த அண்ணாவியார் ஒருவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, பத்து நிமிடம் பாடச் செய்து, படமெடுத்து அனுப்பிவைக்கும் வழக்கம் எனக்கு மிகுந்த வேதனையைத் தருவது. அவரை மதிப்பதாக நாம் நினைக்கிறோம். பிள்ளைகளோ, இது அழிந்துபோகும் ஒன்று, இதை மரியாதையோடு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார்கள். மத்தளத்தின் அருகில் ஐந்து பேராக அமர்ந்து, ஒரு தாளக்கட்டை அவர் வாயால் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லி, பின் எழுந்து அதற்குக் கால் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்கப்பட வேண்டும். அவர் பிழை பிடிப்பார். சில வேளை ஏசுவார். அதைத் தடுக்காதீர்கள். அவருக்குரிய கொடுப்பனவையும் வாகன வசதியையும் மழைநாளில் அவருடைய உடல்நிலையையும் ஒழுங்கு செய்பவர்கள் கவனிப்பது, பொன்னாடையைவிடப் பெரிய மரியாதையாகும்.

கூத்தை மேடைக்குரிய ஒன்றாக மட்டும் காட்டுவதும் இதோடு தொடர்புடைய தவறு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஈழத்துக் கூத்துகளைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கற்றவர்கள் மத்தியில் கூத்துக்கு மதிப்பை ஏற்படுத்தியதில் அப்பணிக்குப் பெரும் பங்குண்டு. அதிலே ஆடிப் பழகிய சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி அப்பணியைத் தொடர்ந்தார். அதே வேளையில், மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தை ஆடும் சமூகத்தோடு அதன் களத்திலேயே நின்று மாற்றங்களைப் பேசித் தீர்மானிக்கும் இன்னொரு வழியைக் காட்டியது. பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை உரையாகச் சொல்லத் தேவையில்லை. மண்டபத்தின் மேடையில் ஏறாமல், கூத்தாடும் களமான களரியைத் தரையில் வட்டமாக வரைந்து, நான்கு பக்கமும் ஆட்கள் இருக்க ஆடச் செய்தால் போதும். முதுகுக்குப் பின்னாலும் பார்ப்பவர்கள் இருக்கும்போது, ஒரு பக்கத்துக்கு மட்டும் முகம் காட்டி நிற்க முடியாது என்பதை அவர்களின் கால்களே உணர்ந்து சுழலத் தொடங்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: திறந்த வெளியில் வட்டக்களரி கட்டி விடிய விடிய ஆடும் முழுக் கூத்து மாரிக்குரியதன்று. மழையில் அதன் ஒரு துண்டை மண்டபத்துக்குள் ஆடிக் காட்டி, இதுதான் கூத்து என்று பிள்ளைகளை நம்பவைப்பதைக் காட்டிலும், பாட்டையும் தாளத்தையும் பழகும் காலமாக இந்த மாதங்களைப் பயன்படுத்தி, அறுவடை முடிந்த பின் ஒரு களரியைப் பார்க்க அழைத்துச் செல்வதாகச் சொல்வது நேர்மையானது.

விடையை முன்கூட்டியே எழுதிவைத்தல்

சமூக அரங்கு என்றவுடன் விழிப்புணர்வு நாடகம் என்று நினைப்பது இன்று பரவலாகிவிட்டது. மழைக்காலம் வந்தால் டெங்கு. நுளம்பு வேடமிட்ட ஒரு பிள்ளை, கவனயீனமான ஒரு வீட்டுக்காரர், இறுதியில் வந்து அறிவுரை சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். டெங்கு அற்ப விடயமன்று. 2017 இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் அது பரவியபோது பட்ட துன்பத்தை அப்பகுதிக் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதே அரங்குக்குரிய கேள்வி. அதைப் பெரியவர் எழுதிய வசனம் கேட்பதில்லை.

பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகுஸ்தோ போவால் உருவாக்கிய விவாத அரங்கு இங்கே பெரிதும் உதவும். பிள்ளைகள் ஐந்து நிமிடக் காட்சியொன்றை உருவாக்குகிறார்கள். உதாரணமாக, வடிகான் அடைபட்டு இரண்டு வளவுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கிறது. ஒரு சிறுமி அதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்கிறாள். அவர், “சின்னப்பிள்ளை நீ போய்ப் படி” என்கிறார். சிறுமி தோற்றுத் திரும்புகிறாள். காட்சி தோல்வியில் முடிய வேண்டும் என்பது முக்கியம். பிறகு அதே காட்சி மறுபடி ஆடப்படுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் எவரும் “நிறுத்து” என்று சொல்லி, சிறுமியின் இடத்துக்கு வந்து வேறு வழியை முயன்று பார்க்கலாம். ஒருவர் தன் அம்மம்மாவை அழைத்து வருவார். இன்னொருவர் மண்வெட்டியைக் கொண்டுவந்து தானே வெட்டத் தொடங்குவார். வேறொருவர் பெரியவருடைய பக்கத்து நியாயம் என்னவென்று கேட்பார். பெரியவராக நடிப்பவர் இலகுவில் இணங்கிவிடாமல் பாத்திரத்தில் நின்று எதிர்க்க வேண்டும்.

இந்த முறையில் நெறியாளர்கள் மிகவும் வழுக்கி விழுமிடம் ஒன்றுண்டு. தமக்குப் பிடித்த தீர்வு வந்தவுடன் “சரியான விடை” என்று கைதட்டிவிடுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து பிள்ளைகள் காட்சியை மறந்து ஆசிரியரின் முகத்தைப் படிக்கத் தொடங்குகிறார்கள். “இப்படிச் செய்தால் உங்கள் ஒழுங்கையில் நடக்குமா?” என்று ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் கேட்டு, விடையை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். காட்சிக்குரிய பிரச்சினையையும் அவர்களே தெரிவு செய்வது நல்லது. பெரும்பாலும் அவர்கள் தெரிவு செய்வது டெங்குவாக இருக்காது. விளையாட நேரமில்லாமை, தம்பிக்கும் தங்கைக்கும் வீட்டில் காட்டப்படும் வேறுபாடு, வகுப்பில் ஒருவருக்கு வைத்த பட்டப்பெயர் என்று அவர்கள் சொல்வனவற்றைச் சிறியவை என்று தள்ளிவிடாதீர்கள்.

பட்டப்பெயரைப் பற்றிப் பேசும்போது, சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீனவரின் பேச்சையோ, மூதூர்ப் பேச்சையோ, தமிழைத் தடுமாறிப் பேசும் சிங்கள அயலவரையோ, உடற்குறையுள்ளவரையோ கேலி செய்து பெறும் சிரிப்பு எளிதில் கிடைக்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் ஒரு மாவட்டத்தில் அந்தச் சிரிப்பு வட்டத்தில் இருக்கும் யாரோ ஒரு பிள்ளையை வெளியே தள்ளுகிறது. பிள்ளையை ஏசாமல், காட்சியை நிறுத்தி, கேலிக்குள்ளானவரின் இடத்தில் நின்று அதே காட்சியை ஆடச் சொல்வதே போதுமானது.

துயரத்தை அவசரமாக மேடையேற்றுதல்

டிசம்பர் 26 ஆம் திகதியை அண்டி நடக்கும் நிகழ்ச்சிகளில் சுனாமியை நடிக்கச் சொல்வது எளிதில் தோன்றும் எண்ணம். 2004 இல் நடந்ததை இன்றைய இடைநிலைப் பிரிவுப் பிள்ளைகள் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய வீட்டுச் சுவரில் படமாக இருக்கும் அக்காவையோ அம்மப்பாவையோ அந்த நாள் கொண்டுபோயிருக்கக்கூடும். யுத்தமும் இடம்பெயர்வும் அப்படியே. ஒரு காலைப் பொழுதில், ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகளிடம், உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை நடித்துக் காட்டுங்கள் என்று கேட்பது கொடுமையானது. எழும் அழுகையைக் கண்டு நிகழ்ச்சி வெற்றி பெற்றதாக நினைப்பது அதனினும் கொடுமை.

இத்தகைய கதைகள் சமூக அரங்குக்கு உரியனவல்ல என்பது என் கருத்தன்று. அவை மிகவும் உரியன. அதனாலேயே அவற்றுக்குக் காலமும் அனுமதியும் வேண்டும். கதைக்குரிய குடும்பத்தார் அறிந்து இசைய வேண்டும். தேவைப்படும்போது பிள்ளையைத் தனியே அழைத்து ஆறுதலாகப் பேசத் தெரிந்த, ஆற்றுப்படுத்தலில் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க வேண்டும். முதல் நாளில் ஒரு பிள்ளை தானாகவே அதைத் தொட்டால், கேட்டு, நன்றி சொல்லி, அதைக் காட்சியாக்க அவசரப்படாமல் விட்டுவிடுவதே முறை. அந்தப் பிள்ளை வீடு திரும்புவதற்கு முன் அவருடன் ஒருமுறை தனியாகப் பேசிப்பார்க்கவும் வேண்டும்.

நாளை முடிக்கும் விதம்

சான்றிதழ் வழங்கல், நன்றியுரை, குழுப்படம் ஆகியவற்றுக்கு ஒரு மணித்தியாலம் செலவிட்டு, பயிற்சிக்கு அரை மணித்தியாலம் குறைத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகள் உண்டு. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் இசைவின்றி முகநூலில் இடுவதும் நடக்கிறது. குறிப்பாக, உணர்ச்சிவசப்பட்ட நிலையில் இருக்கும் பிள்ளையின் படத்தை எக்காரணம் கொண்டும் இடக்கூடாது. பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரையும் அதிபரையும் அழைப்பதானால், கடைசி நிமிடத்தில் பேச அழைக்காமல், காலையிலேயே வந்து வட்டத்தில் இருக்கும்படி கேட்கலாம். பலர் மனமுவந்து வருவார்கள்.

இறுதி அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் செய்தவற்றுள் இரண்டு அல்லது மூன்று துண்டுகளை, அழைத்துச் செல்ல வந்திருக்கும் பெற்றோர் முன்னிலையில், ஒத்திகையின்றி அப்படியே செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு விவாத அரங்குக் காட்சியில் ஒரு தாயோ தந்தையோ “நிறுத்து” என்று சொல்லி உள்ளே வந்தால், அந்த நாளில் அதைவிடச் சிறந்தது எதுவும் நடக்கப்போவதில்லை. பிள்ளைகள் கலைந்து செல்லும்முன், அடுத்த சந்திப்பு எந்தக் கிழமை, யாருடைய வளவில் அல்லது எந்த வாசிகசாலையில், மத்தளத்தை யார் கொண்டுவருவது, வெள்ளம் வந்தால் யாருடைய தொலைபேசிக்கு அழைத்துக் கேட்பது என்பவற்றைக் கடதாசியில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டும். தைப்பொங்கலுக்கு முன் அந்த இரண்டாவது சந்திப்பு நடந்துவிட்டால், மாசியில் அறுவடை முடியும்போது ஊரில் சிறு களரியொன்று போடுவதைப் பற்றி அவர்களிடமே கேட்கலாம்.